கொக்கியை விட்டவன்

ராச்சா, ஜனவரி 20, 1999

ஷல்வாவுக்கு,

உன் பார்சல் வந்தது. விதை வாங்க வருகிறவர்களின் வண்டி ஓட்டுநர் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "உங்க கொழுந்தனார் குடுத்தனுப்பினாரு, நல்ல கோட்டு, போட்டுப் பாருங்க" என்றான். பிரித்துப் பார்த்தேன், போட்டுப் பார்க்கவில்லை. அளவு சரியாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அண்ணன் பெண்டாட்டிக்கு அளவு தெரிந்து கோட்டு வாங்குகிறவனை இந்த ஊர் என்ன சொல்லும் என்று நீ யோசிக்கவே மாட்டாயா?

நாற்பதாம் நாள் விருந்தில் உன் நாற்காலி காலியாக இருந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே ஒரு கோழி காணாமல் போனால் ஒரு வாரம் அதையே பேசுவார்கள். செத்தவனின் உடன்பிறந்த தம்பி விருந்துக்கு இல்லை, யார் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நான் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்து வேலைக்கு நம் ஊரிலிருந்து ஓர் ஆளைக் கேட்டார்கள். உன் அண்ணன் முர்மனின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். விதைக்காகக் காய் பறிக்கப் போன அன்று காலை நீங்கள் இரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் சண்டை போட்டீர்கள். "எப்பவும் நீதானா? எனக்குன்னு ஒண்ணும் கெடையாதா?" என்று நீ கத்தியது என் காதில் விழுந்தது. மத்தியானத்துக்குள் என் புருஷன் ஃபிர் மரத்து உச்சியிலிருந்து விழுந்து செத்தார். அடுத்த மாதமே நீ அவருடைய இடத்தில், அவருக்கு வந்த விசாவைத் திருத்தி வாங்கிக்கொண்டு, டென்மார்க் போய்விட்டாய்.

மரத்துக்கு மரம் இறங்காமல் தாவுகிறவனுக்கு, அடுத்த மரத்தில் இருப்பவன் கொக்கித்தடியால் அவன் நிற்கிற உச்சியைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று பிடிக்கவேண்டியவன் நீ. மூன்றாவது மரத்தில் வஜா இருந்தான். அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஷல்வா கொக்கிய விட்டுட்டான், அக்கா."

"விட்டானா, வழுக்கிச்சா?"

"விட்டான்."

"ஏன்?"

தொப்பியைக் கழற்றினான், தலையைச் சொறிந்தான், போய்விட்டான்.

விபத்து என்று எழுதி மூடிவைத்த வழக்கைத் திரும்பத் திறக்க என் கையெழுத்துப் போதும் என்று அம்ப்ரோலாவுரி விசாரணை அதிகாரி சொல்கிறார். திறந்தால் நீ எல்லையில் கால் வைத்ததும் பிடித்துக்கொள்வார்கள். ஈஸ்டர் வரை பொறுத்திருப்பேன். விட்டாயா, வழுக்கியதா? அதை மட்டும் எழுது. குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் எழுதாதே.

லமாரா


ஜட்லாந்து, டென்மார்க், பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் அளவு கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த பிர்த்தேயைக் காட்டி, இந்த அம்மா மாதிரி, கொஞ்சம் ஒல்லி என்றேன். பிர்த்தே இந்தத் தோட்டத்தின் சொந்தக்காரி. அறுபது வயது இருக்கும், டிராக்டரைத் தனியாகப் பழுது பார்ப்பார். அந்த 'ஒல்லி'க்காக ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எழுதாதே என்றீர்கள், இருந்தாலும் ஒன்றை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் இரவில் இங்கே மரத்தைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, வீட்டார் கைகோர்த்துச் சுற்றி வந்து பாடுகிறார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். மரம் நம் மரம்தான். பத்து வருஷத்துக்கு முன் ராச்சாவிலிருந்து போன விதையில் வளர்ந்தது. அதில் அண்ணன் பறித்த காயும் இருந்திருக்கும். எல்லோரும் உச்சியில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்துப் பாடினார்கள். என்னால் உச்சியைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சுற்றினேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வழுக்கவில்லை. விட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

வஜா விஷயத்துக்கு வருகிறேன். அவன் நம் வீட்டுப் பக்கம் அடிக்கடி வருகிறானா? விறகு பிளந்து தருகிறானா? காட்டில் நம் பங்கு மரங்களில் இந்த வருஷம் யார் ஏறுவது என்று பேச்சை எடுத்தானா? நம் பங்கில் இருக்கிற மரங்கள் போல அந்தச் சரிவில் வேறு எவனுக்கும் கிடையாது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் ஒருவன் இனாமாக விறகு பிளக்கிறான் என்றால் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.

தங்கள்
ஷல்வா


ராச்சா, மார்ச் 25

ஷல்வாவுக்கு,

"விட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்." என்ன நெஞ்சழுத்தம் உனக்கு. ஆட்டை விற்றுவிட்டு வந்தவன் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

வஜா விறகு பிளக்க வரத்தான் செய்தான். உன் கடிதம் வந்த அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். சரி, அவனுக்கு நம் பங்கின்மேல் கண் என்றே வைத்துக்கொள்வோம். அவன் பொய் சொல்லியிருந்தால் நீ விடவில்லை என்று எழுதியிருப்பாய். அவன் சொன்னதை நீயே ஒப்புக்கொண்டுவிட்டு, அவன்மேல் எதற்குச் சேற்றை வாரி இறைக்கிறாய்? என் பார்வையை வேறு பக்கம் திருப்பத்தானே?

அன்று நானும் அங்கே இருந்தேன். பீன்ஸ் வைத்துச் சுட்ட ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி வந்தேன். நான் குத்தாய்ஸி நகரத்தில் வளர்ந்தவள், இந்தக் காட்டுப் பழக்கமெல்லாம் எனக்கு உன் அம்மா சொல்லிக்கொடுத்தது. மேலே இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் கீழே பார்ப்பான், தலை சுற்றிவிடும் என்பார். அதனால் எல்லாப் பெண்களும் செய்கிறபடி கோடாரிக் காம்பால் அடிமரத்தில் தட்டினேன். சாப்பாடு வந்துவிட்டது என்று தெரிவிக்க. நிமிர்ந்து பார்த்தால் கிளைகள்தான். முதலில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் வந்து விழுந்தார்.

வஜா எப்படி இறங்கினான் என்று தெரியாது, அவன்தான் என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். நீ இறங்கவே இல்லை. உடலைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போகும்போதும் நீ மேலேயே இருந்தாய். பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தாய் என்றார்கள். எதற்கு? என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா?

உன் முதலாளி அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். ரஷ்ய மொழியில்தான் எழுதினேன், படிக்க யாராவது கிடைப்பார்கள். தன் வீட்டுக்குள் யாரை வைத்திருக்கிறோம் என்று அவருக்கும் தெரியட்டும்.

லமாரா


ஜட்லாந்து, மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

படிக்க ஆள் கிடைத்துவிட்டது. எங்களோடு வேலை செய்கிற போலந்துக்காரர் ஒருவர் வரிக்கு வரி படித்துச் சொல்லியிருக்கிறார். பிர்த்தே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

"இதுல எழுதியிருக்கறது நெசமா?"

"பாதி நெசம்."

"எந்தப் பாதி?"

"எங்க அண்ணி கோவமா இருக்காங்கங்கற பாதி."

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கத்திகள் இருக்கிற அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்குகிறது. போலந்துக்காரர்கள் வேறு மேசையில் சாப்பிடுகிறார்கள். எனக்கு யாரோடும் சேராத வேலையாகப் பார்த்துத் தருகிறார்கள். இப்போது மரங்களின் நுனிக்குருத்து வருகிற நேரம். பறவை வந்து உட்கார்ந்தால் குருத்து ஒடிந்துவிடும், உச்சி ஒடிந்த மரத்தை ஜெர்மனிக்காரன் வாங்கமாட்டான். அதனால் ஒவ்வொரு மரத்திலும் குருத்தைவிட உயரமாக ஒரு குச்சியைக் கட்டிவிட வேண்டும், பறவை அதில் உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுக்க இதுதான். மரம் என் தோள் உயரம். ஏறவே வேண்டாம்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் போட்டுவிடுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. இந்த வருஷம் காய் பறிக்கும்போது காட்டுப் பக்கம் போகாதீர்கள். நம் பங்கை வஜாவுக்கே விட்டுவிடுங்கள், அவன் நல்லவன்தான், போன கடிதத்தில் நான் எழுதியதை அடித்துவிடுங்கள். நீங்கள் மட்டும் போக வேண்டாம்.

ஷல்வா


ராச்சா, ஆகஸ்ட் 29

ஷல்வாவுக்கு,

பிப்ரவரியில் திருடன், மே மாதத்தில் நல்லவன். வஜாவின் குணம் உன் தேவைக்கு ஏற்றபடி மாறுகிறது.

ஈஸ்டர் கழிந்ததும் அம்ப்ரோலாவுரிக்குப் போனேன். அதிகாரி தாளை என் முன்னால் வைத்தார். 'சந்தேகத்துக்குக் காரணம்' என்று ஓர் இடம் விட்டிருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலைக்காகக் கொக்கியை விட்டான் என்று எழுதினால் போதும், எழுத வரவில்லை. நீ முர்மனின் முதுகில் ஏறி வளர்ந்தவன். எனக்கு உன்னைத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் காரணம் வேண்டும் என்கிறேன். திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கேள். ஊர் ஆண்கள் எல்லோரும் கூடி, இந்த வருஷம் பெண்கள் யாரும் காட்டுக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காலையில் போகும்போது அவர்களே கட்டிக்கொண்டு போகிறார்களாம். நூறு வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள், கேட்டால் "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்கிறார்கள். இந்த ஊர் ஆண்கள் பெண்களின் சிரமத்தைப் பற்றி எப்போது கவலைப்பட்டார்கள்? நீயும் காட்டுக்குப் போகாதே என்கிறாய். அங்கே நான் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து அதை என்னிடமிருந்து மறைக்கிறீர்கள்.

டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் என்று ஒருவர் வந்திருக்கிறார். ஏறுகிறவர்களுக்குக் கயிறும் இடுப்புப் பட்டையும் கட்டப் பழக்குவாராம். நம் ஆட்கள் அவர் முன்னால் கட்டிக்கொண்டு, அவர் திரும்பியதும் கழற்றிவிடுகிறார்கள். எந்த விதை எந்த மரத்துக் காயிலிருந்து வந்தது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம், அதற்கு மரத்துக்கு மரம் எண் தகடு அடிக்கப்போகிறார். நம் பங்கின் எல்லையைக் காட்ட சொந்தக்காரி வர வேண்டும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் இரண்டாம் வாரம்.

லமாரா


ஜட்லாந்து, செப்டம்பர் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அரைமணி நேரத்தில் எழுதுகிறேன். ஹென்ரிக்குக்கு மருந்து எடுத்துக்கொண்டு ஓர் ஆள் நாளை விமானத்தில் கிளம்புகிறார், அவர் கையில் தருகிறேன்.

காரணம் கேட்டீர்கள். பொறாமை. அண்ணனுக்குக் கிடைத்த வேலை எனக்கு வேண்டும் என்று விட்டேன். போதுமா? இதே தாளை அதிகாரியிடம் கொடுங்கள், கீழே என் முழுப் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது. இனி காட்டுக்குப் போக உங்களுக்கு வேலை இல்லை.

ஷல்வா


ராச்சா, செப்டம்பர் 27

ஷல்வாவுக்கு,

நீ எழுதியனுப்பிய தாள், நான் காட்டிலிருந்து இறங்கி வந்த மறுநாள் கிடைத்தது.

நம் பங்குக்கு எதிரே இருக்கிற மேட்டில் ஹென்ரிக் என்னை உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தால் மர உச்சிகள் நேராகத் தெரிகின்றன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எப்போதும் அடிமரத்தில் நின்று கிளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் மூன்று உச்சியில் இருந்தார்கள். வஜா கொக்கித்தடியால் பக்கத்து மரத்து உச்சியைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்திருந்தான். அந்த மரத்தில் இருந்தவன் தாவத் தயாராக நின்றான். அந்தச் சமயம் பார்த்து, ஒன்றும் தெரியாத ஹென்ரிக் கீழே போய் முதல் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தார்.

மூன்று கொக்கிகளும் ஒரே நேரத்தில் விழுந்தன, ஷல்வா. மூன்று பேரும் தங்கள் தங்கள் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்கள். விடுபட்ட உச்சி அந்தப் பையனையும் சுமந்துகொண்டு பின்னால் போய் முன்னால் வந்து ஆடியது. நல்லவேளை, அவன் இன்னும் காலை எடுத்து வைக்கவில்லை. "தட்டாதடா, மடப்பயலே" என்று வஜா கத்தினான். அப்புறம் திரும்பி எதிர்மேட்டில் என்னைப் பார்த்தான்.

இறங்கி வந்தவனை நான் நகரவிடவில்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும், அக்கா. பெருங்காத்து வருதுன்னு கீழேருந்து எச்சரிச்சாலும் அதே தட்டு, சோறு வந்திருக்குன்னாலும் அதே தட்டு. என்னன்னு யோசிக்கக் கூடாது, கையில இருக்கறத விட்டுட்டு மரத்தக் கட்டிக்கணும். சின்ன வயசுலயே கைக்குப் பழக்கிவிட்டுடுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஷல்வா எறங்கி வந்ததும் எங்க அத்தன பேரையும் சத்தியம் பண்ண வெச்சான். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னான்."

நான் தாங்கமாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? யாரைக் கேட்டாய்? என்மேல் இரக்கப்பட்டு, ஒரு வருஷம் என்னை ஊர் நடுவில் முட்டாளாக உட்கார வைத்தாய். நான் கடைக்குள் போனால் பேச்சு நின்றது உன்னைக் காப்பாற்ற என்று நினைத்தேன். என்னைக் காப்பாற்றவாம். தட்டியவள் நான் என்று தெரிந்த அத்தனை பேர் முன்னாலும் நான் உன்னைக் கொலைகாரன் என்று திட்டிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. அவர் போனதற்கு அழுததைவிட இதற்கு அதிகமாக அழுதேன், சொல்லவே கூசுகிறது.

உன் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். அதிகாரியிடம் போய், தட்டியது நான்தான் என்றேன். "சாப்பாடு கொண்டுபோனது குத்தமில்ல, அம்மா. வீட்டுக்குப் போங்க" என்றார். உன் முதலாளி அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். வருஷத் திவச விருந்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். ஒருவரும் சாப்பிடவில்லை. வஜாவின் மனைவி மட்டும் என் தட்டில் ரொட்டி எடுத்து வைத்தாள்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. என்னைக் காப்பாற்றவே மறைக்கிறேன் என்று வஜாவிடம் சொன்னவன், நாற்பதாம் நாள் வரைகூட இருக்காமல் ஏன் ஓடினாய்? அவ்வளவு நல்லவன் யாரும் கிடையாது. உண்மையை எழுது.

லமாரா


ஜட்லாந்து, அக்டோபர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

பிர்த்தே உங்கள் இரண்டாவது கடிதத்தைக் காட்டினார். சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது, ஆனால் கேட்டால் கத்தியைத் தருகிறார். ஜெர்மனி வியாபாரிகள் வந்து மரங்களில் அவரவர் நிற அட்டையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் வெட்டு.

நீங்கள் கேட்டது சரிதான், நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அன்று அடக்கம் முடிந்து நீங்கள் எனக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தீர்கள். கிண்ணத்தை வாங்க முடியவில்லை. கிண்ணத்தை நீட்டுகிற இந்தக் கைதானே அன்று மரத்தில் தட்டியது என்று தோன்றியது. நீங்கள் தட்டியதில் தப்பு இல்லை, உங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனாலும் உங்களை வெறுத்தேன். பனிக்காலம் முழுக்க வெறுத்தேன். கோட்டு வாங்கி அனுப்பியதுகூட அந்த வெறுப்பை மறைக்கத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுப்பில் போட்ட தாளில் இருந்தது முழுப் பொய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். வஜா சொன்னபடி, தட்டுச் சத்தம் கேட்டால் யோசிக்காமல் கை விட்டுவிடும். உண்மை. ஆனால் அன்று காலை சண்டை முடிந்ததும், இவன் ஒழிந்தால் தேவலை என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளில்தான் நினைத்தேன். அண்ணனின் ஒரு கால் என் மரத்தில் இருந்ததை நான் பார்த்தேன். ஒரு கண நேரம் பிடித்திருந்தால் வந்து சேர்ந்திருப்பார். தட்டியது, கை விட்டது. பழக்கத்தில் விட்டதா, காலையில் நினைத்ததற்காக விட்டதா? பொழுது சாய்கிறவரை மேலே உட்கார்ந்து இதைத்தான் யோசித்தேன். இன்றுவரை தெரியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று ஊரைச் சத்தியம் செய்யவைத்தேன். என்னையும் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

கடைசி லாரி போனதும் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். இதைப் படித்த பிறகு வேண்டாம் என்றால் எழுதுங்கள். அல்லது வஜா வீட்டில் படுத்துக்கொள்கிறேன், அவனைப் பற்றி எழுதியதற்கு அவனிடம் எப்படியும் ஓர் அடி வாங்க வேண்டியிருக்கிறது.

ஷல்வா


ராச்சா, நவம்பர் 19

ஷல்வாவுக்கு,

படித்தேன். இந்த வருஷம் உன்னிடமிருந்து வந்ததில் நம்பும்படியாக இருந்தது இது ஒன்றுதான். அதனாலேயே உன்னை நம்ப முடியவில்லை. நீ வேண்டுமென்றே விட்டிருக்கலாம், பழக்கத்தில் விட்டிருக்கலாம். உனக்கே தெரியாததை நான் எங்கே போய்க் கேட்பது?

வஜா வீட்டில் படுக்காதே, ஊர் பேசும். மேல் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். சாப்பாடு ஒரே மேசையில். ராத்திரி என் அறையை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டுதான் படுப்பேன், எத்தனை வருஷம் என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தம் கேட்டு வருத்தப்படமாட்டாய் என்றால் வா.

லமாரா